ஜிப் தெரிகிற நண்டு

என் தம்பியைக் கெடுத்தவர் எங்கள் கோயில் வண்ணக்கர். கோயில் நிர்வாகம் முழுக்க அவர் கையில். போன தை மாதக் கூட்டத்தில் எழும்பி நின்று ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்யோடு என் தம்பி முடிந்தான்.

நான் தையல்காரி. பள்ளிக்கூடச் சட்டை, சாரிச் சட்டை, கோயில் சடங்கில் அம்மன் வந்து ஆடுகிறவர்களின் சிவப்பு உடுப்பு, எல்லாம் என் மெஷினில்தான் போகும். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் நடந்தது எனக்குத் தெரியும்.

எனக்கும் தம்பிக்கும் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம் உண்டு. மலிவான பூதப் படங்கள். வானத்திலிருந்து ஏதோ விழும். அதற்குள்ளிருந்து பச்சையாக ஒரு பிராணி இறங்கி ஊரைத் தின்னும். பிராணியின் முதுகில் ஜிப் தெரியும். பறக்கும் தட்டைத் தொங்கவிட்ட நூல் வெளிச்சத்தில் மினுங்கும். செத்துக் கிடப்பவனின் வயிறு ஏறி இறங்கும். சிரிக்க எடுத்தார்களா, பயப்படுத்த எடுத்தார்களா என்று எடுத்தவர்களுக்கே தெரியாது. நல்ல படம் பார்க்கிறவர்கள் இதைக் குப்பை என்பார்கள். குப்பைதான்.

அப்பாவை ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு வயது பதினொன்று, தம்பிக்கு ஆறு. “விசாரிச்சிட்டு விடுறம்” என்றார்கள். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா அதன் பிறகு எங்களுடன் பேசுவதைக் குறைத்துவிட்டார். சமைப்பார், குளிப்பாட்டுவார், வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில மாதம் கழித்து அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, கார் பெட்டரியில் படம் போட்டார்கள். மத்தியான நேரம். யன்னலைச் சாக்கால் மறைத்திருந்தார்கள். எங்களைத் தனியே அனுப்பப் பயந்து அம்மாவும் வந்தார்.

என்ன பாஷைப் படமோ தெரியாது. ஆள் உயரத்தில் ஒரு கரப்பொத்தான் தெருவில் நடந்து வந்து ஒரு பெண்ணைப் பிடித்தது. பிள்ளைகள் எல்லாம் கண்ணைப் பொத்தினார்கள். தம்பி மட்டும் எழும்பிக் கத்தினான்.

“அம்மா, கரப்பொத்தான் சப்பாத்துப் போட்டிருக்கு!”

உண்மைதான். கீழே பார்த்தால் வெள்ளைச் சப்பாத்து, நாடா வேறு அவிழ்ந்து கிடந்தது. அம்மா சிரித்தார். அப்பா போன பிறகு அன்றுதான் சிரித்தார். வாயைப் பொத்தினார், கைக்குள்ளேயும் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்புக்காகத்தான் நாங்கள் அந்தப் படங்களைத் தேடினோம். பிறகு அது எங்கள் இரண்டு பேருக்கும் மருந்து மாதிரி ஆகிவிட்டது. எங்களைத் தேடி வந்தவை எதிலும் ஜிப் இருக்கவில்லை. அப்பாவைக் கொண்டுபோன வாகனத்தில் இல்லை. கடல் எழும்பி வந்தபோது அதில் இல்லை. அவை நிஜமாகவே வந்தன, நிஜமாகவே தின்றன. இந்தப் படத்துப் பூதத்தில் மட்டும் தையல் வெளியே தெரியும். தையல் தெரிந்தால் பிரித்துவிடலாம். தையல்காரி எனக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

போன வருடம் தம்பி சொன்னான், நாங்களும் ஒன்று எடுப்போம் என்று. அவனுக்கு அப்போது வயது நாற்பது தாண்டிவிட்டது. வாவியில், ஊர்ப்பேச்சில் ஆற்றில், தோணி ஓட்டி மீன் பிடிக்கிறவன். கலியாணம் கட்டவில்லை, என்னோடுதான் இருந்தான்.

“அக்கா, எங்கட ஆத்துக்குள்ள வானத்தில இருந்து ஒரு நண்டு விழட்டும்.”

“விழுந்து?”

“ஊரத் தின்ன வரும். ஆனா ஒருத்தரும் பயப்பட மாட்டாங்க. நீ ஆரு, எந்தப் பிரிவு, கிராம சேவகர்ட்ட கடிதம் எடுத்திட்டு வா எண்டுவாங்க.”

“அங்க போனா?”

“ஐயா இண்டைக்கு இல்ல, புதன்கிழமை வா எண்டுவாங்க. அடையாள அட்டை போட்டோ கொப்பி ரெண்டு கேப்பாங்க. வரிசையில நிண்டு நிண்டே நண்டு செத்திரும்.”

நான் சிரித்த சிரிப்பில் ஒரு பிள்ளையின் சட்டைக் கையை மாறித் தைத்துவிட்டேன்.

நண்டை நான்தான் தைத்தேன். உள்ளே டிவிப் பெட்டிக்குள் வரும் வெள்ளை ரெஜிபோம், காலுக்கு பிளாஸ்டிக் குழாய், கண்ணுக்கு இரண்டு பந்து. மேலே போர்த்தச் சிவப்புத் துணி. இங்கேதான் நான் பிழை விட்டேன். அம்மன் ஆடுகிறவர்களுக்கு உடுப்பு வெட்டிய அதே சுருளில் மிஞ்சிய துணி அது. வேறு சிவப்பு கடையில் இருந்தது, போய் வாங்கச் சோம்பல். இதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை.

இரண்டாவது பிழை, நாள். எங்கள் அம்மன் கோயில் வருடத்தில் ஒரு தடவைதான், வைகாசியில், கதவு திறக்கும். சடங்கு முடியும்வரை ஊருக்குள் மீன் புழங்காது. தோணிகள் கரையில் ஏறிவிடும். தம்பிக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே கிழமை அது. அதனால் அந்தக் கிழமையிலேயே படம் எடுத்தோம்.

வீட்டில் வைத்து அவனுக்கு நண்டை மாட்டினேன். ஜிப் பசையில் ஒட்டி இறுகிவிட்டது.

“அக்கா, கழட்ட ஒண்ணா. கண்ணும் தெரியல்ல.”

“நட. ஆத்தங்கரையில வெச்சு கத்தரிக்கோலால வெட்டுறன்.”

நான் போனைப் பிடித்துப் படம் எடுத்தபடி பின்னால் போனேன். அன்றைக்கு அம்மன் ஊர் சுற்றும் நாள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஆடுகிறவர்கள் வருவார்கள் என்று ஒவ்வொரு வீட்டுப் படலை வாசலிலும் மஞ்சள் தண்ணீர்க் குடமும் வேப்பிலையும் வைத்துக் காத்திருந்தார்கள். தூரத்தில் பறை கேட்டது. சிவப்பு உடுத்த ஒன்று தள்ளாடித் தள்ளாடி வருவதைக் கண்டார் எதிர்வீட்டு அக்கா. கண்ணாடி போடாமல் நின்றார். “தாயே!” என்று ஒரு குடத்தை அப்படியே தம்பியின் தலையில் ஊற்றிவிட்டார். உள்ளே வெந்துகொண்டிருந்தவன் அலறித் துள்ளினான். அக்கா மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

“தாயே, என்ட மகன்ட விசா வருமா, வராதா? ஒரு வாக்குச் சொல்லு தாயே!”

நண்டுக்குள்ளிருந்து வாக்கு வந்தது.

“முதல்ல இந்த ஜிப்பக் கழட்டுங்கக்கா! மூச்சு முட்டுது!”

“ஆருடா அது? நீயாடா? அட மூதேவி! ஒரு குடம் மஞ்சத் தண்ணி நாசமாப் போச்சே!”

சொல்லிவிட்டு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார். என்னைப் பார்த்து, “எடுத்துட்டியா? அப்ப இதையும் படத்தில போடு. என்ட மூஞ்சி வடிவா வந்திருக்கா?” என்றும் கேட்டார். அவர் சொல்லித்தான் அந்தக் காட்சியைப் போட்டோம்.

சடங்கு முடிந்து, வாசிகசாலையின் திறந்த வளவில் வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டிப் படத்தைக் காட்டினோம். கோயில் கதிரைகளைத் தந்தவர் வண்ணக்கர். முன்வரிசையில் இருந்தவரும் அவர்தான். மஞ்சள் தண்ணீர்க் காட்சியில் இருமல் வரும்வரை சிரித்தார். படம் முடிய தம்பியின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

“டேய் மருமகன், அடுத்த வருசம் நண்டுக்கும் ஒரு பூசை வைப்பமா?”

இதைச் சொன்னது யார்? தம்பியா, நானா? நான் பக்கத்தில் நின்றேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

மார்கழியில் உன்னிச்சைக் குளம் நிரம்பி அதன் வான்கதவுகளைத் திறந்தார்கள். மழையும் விடவில்லை. கதிர் தள்ளும் நேரத்தில் எங்கள் வட்டை முழுவதும், அத்தனை வயலும், தண்ணீருக்குள் போனது. தண்ணீர் வடிய வழியில்லை, வடிகானில் சல்வீனியா என்கிற நீர்க்களை மண்டிக் கிடந்தது. வருடா வருடம் ஊரைக் கூட்டி அதைத் துப்புரவாக்க வேண்டியது விவசாயக் குழுத் தலைவரின் வேலை. தலைவரும் வண்ணக்கர்தான். அந்த வருடம் அவர் ஒருவரையும் கூப்பிடவில்லை.

தைக் கூட்டத்தில் ஆட்கள் வடிகானைப் பற்றிக் கேட்டார்கள். அவர் எழும்பினார்.

“வடிகான் கிடக்கட்டும். சடங்கு நேரத்தில அம்மனைப் பழிச்சுப் படம் எடுத்தா வெள்ளம் வராம என்ன வரும்? நான் அண்டைக்கே சொன்னன், இது கூடாது எண்டு.”

வடிகானைக் கேட்டவர்களின் கையில் நண்டைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். வயல் போனவனுக்கு ஏசுவதற்கு ஓர் ஆள் வேண்டும், வண்ணக்கரை ஏசப் பயம். அன்று வளவில் சிரிக்காத ஒரு வாய்கூட அந்தக் கூட்டத்தில் இருக்கவில்லை. அதைச் சொல்ல ஒருவரும் எழும்பவில்லை. எதிர்வீட்டு அக்கா நிலத்தைப் பார்த்தார். அவருடைய மகனுக்கு ஐப்பசியில் விசா வந்து, ஆள் கட்டாருக்குப் போயும் விட்டான். வெள்ளம் தம்பியால் வந்ததென்றால் விசா யாரால் வந்தது? கேட்க நான் எழும்பினேன். “பொம்பிள இரி” என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழி. சடங்கின் மூன்றாம் நாள், எங்கள் குடியின் மடைப்பெட்டியை, பழமும் பாக்கும் வெற்றிலையும் அடுக்கிய அந்தப் பெட்டியை, தலையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோகிறவன் என் தம்பி. தாய்மாமனிடமிருந்து அவனுக்கு வந்த உரிமை. அன்றைக்கு மட்டும்தான் அவன் வெள்ளை வேட்டி கட்டி நிமிர்ந்து நடப்பான். இனி அவன் தொடக் கூடாது என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

அத்தோடு நிற்கவில்லை. வலை இழுக்கக் கூட வருகிறவன் வரவில்லை. வேறு ஆளும் வரவில்லை. தனியாளாக அந்த வலையை இழுக்க முடியாது. தம்பி தோணியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாசிக்குடாவுக்குப் போனான். ஒரு ஹோட்டலின் முன்னால் கடற்கரையில் ஒதுங்கும் பாசியை வாரிக் கூட்டுகிறான். கிழமைக்கு ஒரு நாள் வருவான். சாப்பிடுவான், படுப்பான். நண்டை அவனே வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் வைத்து எரித்தான். போனிலிருந்த படத்தையும் அழித்தான். என் போனில் இருந்ததையும் வாங்கி அழித்தான். நான் தடுக்கவில்லை, அப்போது எனக்கும் பயமாக இருந்தது. அதற்காக என்னையும் மன்னிக்க முடியாது.

போன கிழமை அவனுக்காக ஒரு பழைய படம் போட்டேன். தக்காளிப்பழம் மாதிரி ஒரு பிராணி, முதுகு முழுக்க ஜிப். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை.

“ஜிப்பப் பாரன்,” என்றேன்.

“எங்க? தெரியல்ல,” என்றான்.

திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டான்.

“அக்கா, உண்மையா நான் அம்மனைப் பழிச்சிட்டனா?”

அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை. ஊர் ஒதுக்கியதை அவன் தாங்கியிருப்பான். ஊர் சொன்னதை நம்பிவிட்டான். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே மருந்தை அவனிடமிருந்து பிடுங்கியாயிற்று. நான் “இல்லடா” என்று நூறு தடவை சொன்னேன். அக்கா சொல்லி என்ன? பொய் ஊருக்கு முன்னால் சொல்லப்பட்டது.

வண்ணக்கர் அவர்களே, கதவு திறக்க முன் கோயில் பொதுக்கூட்டம் வரும். என் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். என்னைத் தனியே கூப்பிட்டுச் சமாதானம் பேசவும் வேண்டாம். தம்பியைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் இருப்பேன். எங்கள் எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று சொல்லுங்கள்: அன்றைக்கே கூடாது என்று நீங்கள் யாரிடம் சொன்னீர்கள்? வடிகானை ஏன் துப்புரவாக்கவில்லை? என் தம்பி இந்த வைகாசியில் மடைப்பெட்டி தூக்கலாமா, இல்லையா?