பை கிடைத்த வாரம்

எங்கள் டீமுக்குப் பை கிடைத்துவிட்டது என்று யாராவது பல்லைக் காட்டிக்கொண்டு வந்து சொன்னால், இந்த வயதிலும் எனக்குக் கை துறுதுறுக்கிறது. பந்தாட்டக் கமிட்டிகளில் உட்காரத் தொடங்கிய நாளிலிருந்து இதற்காக எல்லோரோடும் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவை மேசையில் இருந்த காப்பிக் கோப்பை ஒருவருடைய நெற்றியைப் பதம் பார்த்தது. யார் வீசியது என்று கேட்கவேண்டாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தோற்றவன் வீட்டுக்கு, வென்றவன் அடுத்த சுற்றுக்கு என்று நடக்கும் நாக்அவுட் போட்டியில் பள்ளிக்கூடங்கள் ஒற்றைப்படையாக மிஞ்சினால், ஒரு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எதிராளி இருக்காது. அது ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போய்விடும். அதற்கு இங்கிலீஷில் பை என்று பெயர். நம் தமிழ்க் காதுக்கு அது பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போது கையில் தொங்குகிற பைதான். அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் ஒரு கால் போயிற்று.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலி லயத்தில் குடியிருந்தோம். அப்பா எஞ்சின் கொட்டடியில் கரி வாரிப் போடுகிறவர். எழுத்து வாசனை கிடையாது. கை நீளம்; அதாவது அடிக்கிற கை. எங்கள் லயத்தில் எல்லா அப்பாக்களும் அடிப்பார்கள், ஆனால் எங்கள் அப்பா அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சமையலை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். அண்ணனும் நானும் ஒரே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தோம், ஒரே டீமில் ஆடினோம். அண்ணன் திடலின் நடுவில் நின்று மொத்த ஆட்டத்தையும் தன் காலில் கட்டிவைத்திருப்பான். நான் பின்னால் இடதுபக்கம். வருகிறவனை விழவைப்பது என் வேலை. மனமாரச் செய்தேன்.

அண்ணனுக்கு அதுதான் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அதற்குப் பிறகு அவனுக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, அப்பாவோடு கரி வாரப் போவது. இன்னொன்று, ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை கற்றுக்கொள்வது. பட்டறைத் துரைக்குப் பந்தாட்டப் பைத்தியம். ரயில்வே டீமுக்கு நல்ல கால் எங்கே கிடைக்கும் என்று பள்ளிக்கூடத் திடல்களைச் சுற்றிக்கொண்டிருப்பார். அண்ணன் ஆட்டத்தை ஏற்கெனவே பார்த்திருந்தார். இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன், அதில் இவன் இதேபோல் ஆடினால் பட்டறையில் சேர்த்துக்கொள்கிறேன் என்று தன் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி மூலம் சொல்லி அனுப்பினார். அண்ணன் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

போட்டியை நடத்தியது எங்கள் விளையாட்டு வாத்தியார். ஆறு பள்ளிக்கூடங்கள் சேர்ந்திருந்தன. ஆறு இரட்டைப்படை, ஆகவே பை என்ற தொல்லையே இல்லை என்று அவர் முடிவு கட்டினார். கணக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. ஆறு பேர் மோதினால் மூன்று பேர் மிஞ்சுவார்கள். அரையிறுதிக்கு மூன்று பேர் வந்து நின்றால் என்ன செய்வாய்? முதல் சுற்றிலேயே இரண்டு பள்ளிக்கூடங்களை உட்காரவைத்துவிட்டால் அடுத்ததற்கு நான்கு, அதற்கடுத்ததற்கு இரண்டு என்று ஒழுங்காக இறங்கும். பை கொடுப்பதென்றால் தொடக்கத்தில் கொடு, எவனுக்கும் இரத்தம் சூடேறுவதற்கு முன்னால் கொடு. இதைத்தான் கமிட்டி கமிட்டியாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

முதல் சுற்றில் நாங்கள் வென்றோம். வென்றோம் என்பதைவிட, உயிரோடு வெளியே வந்தோம் என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் பாதிப் பேருக்குப் பூட்ஸ் கிடையாது. வெறுங்காலோடு ஆடுகிறவனுடைய விரல்மேல் பூட்ஸ்காரன் ஏறி நிற்பான். வெறுங்கால்காரன் அதற்கு முழங்கையால் பதில் சொல்வான். அன்றைக்கு என் முழங்கையில் ஒருவனுடைய பல் குத்திச் சீழ் வைத்தது. எங்கள் கோல்காரன் மூக்குத்தண்டு உடைந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே ஆடி முடித்தான். இத்தனைக்கும் நடுவில் அண்ணன் மேல் ஒரு கீறல் இல்லை. அவனைக் குறிவைத்து வந்தவர்கள் ஒருவரையொருவர் மோதிக்கொண்டு விழுந்தார்கள். அவன் பந்தோடு அடுத்த பக்கம் நின்றான். அவன் காலை யாராலும் தொடமுடியாது என்று நான் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

மூன்று பள்ளிக்கூடங்கள் மிஞ்சின: நாங்கள், கிள்ளானிலிருந்து ஒன்று, காஜாங்கிலிருந்து ஒன்று. வாத்தியார் அசடு வழிந்தபடி தன் தொப்பியில் சீட்டைப் போட்டுக் குலுக்கினார். பை எங்களுக்கு வந்தது. கிள்ளானும் காஜாங்கும் அரையிறுதியில் மோதவேண்டும், நாங்கள் நேராக இறுதி ஆட்டத்துக்குப் போகலாம். எங்கள் பையன்கள் கூத்தாடினார்கள். வீங்கியது வற்றும், கிழிந்த பூட்ஸைத் தைக்கலாம், கோல்காரனுக்கு மூக்கு ஒட்டும் என்று வாத்தியார் பையின் பெருமையை வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. சும்மா இருக்கிற வாரத்தில் காயம் ஆறத்தான் செய்யும்.

அந்த அரையிறுதியை வேடிக்கை பார்க்க நாங்கள் எல்லோரும் போனோம். மழை பெய்து திடல் சேறாகிக் கிடந்தது. சேற்றில் பந்து நகரவில்லை, ஆகவே ஆளை உதைத்தார்கள். கிள்ளான் பையன் ஒருவனுக்கு மண்டை பிளந்தது. சட்டையைக் கிழித்துத் தலையில் சுற்றிக்கொண்டு மறுபடி ஓடினான். காஜாங் பக்கம் ஒருவனுக்குக் கீழ்க்கால் எலும்பு முறிந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. வெளியில் நின்றவர்கள் குடைக்காம்பால் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் கிள்ளான் வென்றது, நிற்க முடியாத ஆட்களோடு. இவர்கள் நமக்காக ஒருவரையொருவர் கொன்றுகொள்கிறார்கள் என்று சொல்லி நாங்கள் கரும்பு தின்றுகொண்டே சிரித்தோம். அண்ணன் மட்டும் அந்தக் காஜாங் பையனைத் தூக்கிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, நமக்குப் பை கிடைத்தது என்றான்.

அன்று சாயங்காலம் நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கள்ளுக்கடையிலிருந்து எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது. அவரோடு கரி வாருகிற ஒருவருடைய மகனும் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். அந்த ஆள் கள்ளுக்கடையில் எல்லோர் முன்னாலும், உன் பிள்ளைகள் டீமுக்குப் பை கிடைத்திருக்கிறதாமே என்று சொல்லியிருக்கிறார். அவருக்கும் அது என்ன பை என்று தெரியாது. வெள்ளைக்காரப் பள்ளிக்கூடம் கொடுக்கிற பை என்றால் தோல் பையாகத்தான் இருக்கும் என்று கடையில் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை என் சோற்றுச்சட்டியை அந்தப் பையில் போட்டுத்தான் வேலைக்கு எடுத்து வருவேன் என்று அப்பா சவால் விட்டிருக்கிறார். இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அப்பா கையை நீட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான்.

பையைக் கொடு என்றார். அண்ணனுக்குப் புரியவில்லை. எந்தப் பை என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் பை கிடைத்ததா இல்லையா என்றார். கிடைத்தது என்றான். அப்புறந்தான் அண்ணனுக்கு விஷயம் புரிந்து சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அடுப்படியிலிருந்த அம்மாகூட, சங்கதி தெரியாமல், நாங்கள் சிரிக்கிறோமே என்று சிரித்தாள்.

"அது கையில குடுக்குற பை இல்லப்பா" என்றான் அண்ணன், சிரிப்பு அடங்காமல்.

"வித்துட்டியா?" என்றார் அப்பா.

அவன் இன்னும் சிரித்தான். அதோடு அப்பா எழுந்துவிட்டார். பிள்ளைகளைக் கரியள்ளிப் படிக்கவைத்தால் இங்கிலீஷைக் கற்றுக்கொண்டு வந்து வீட்டிலேயே அப்பனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும். அடுப்புப் பக்கம் அடுக்கியிருந்த ரப்பர் விறகில் ஒன்றை உருவினார். அண்ணன் கையால் தலையை மறைத்தான். முதல் அடி முதுகில் விழுந்தது, அடுத்தது இடுப்பில். அவன் கீழே விழுந்து காலை மடக்கிக்கொண்டபோது அடி முழங்காலில் இறங்கியது. அப்பா நிறுத்தவில்லை. அதே இடத்தில் மறுபடியும் அடித்தார். நான் அவர் இடுப்பைப் பிடித்துத் தொங்கினேன்; என்னைச் சுவரோடு வைத்து மோதினார். அம்மா குறுக்கே விழுந்து அவளுக்கும் கிடைத்தது. கடைசியில் பக்கத்து வீட்டு ஆட்கள் உள்ளே வந்து விறகைப் பிடுங்கினார்கள். நான் திடலில் எத்தனையோ அடி கொடுத்திருக்கிறேன், வாங்கியிருக்கிறேன். அந்த மாதிரி பயந்தது கிடையாது.

அப்பாவுக்கு விளக்கிச் சொன்னது அம்மாதான். நான் மூச்சு வாங்கிக்கொண்டே அவளிடம் சொல்ல, அவள் அவரிடம் சொன்னாள்.

"ஆட்டம் இல்லாம சும்மா இருக்கறதுக்குத்தான் அந்தப் பேராம். சும்மா இருந்த புள்ளயப் போட்டு அடிச்சிட்டீங்க."

அப்பா அடுப்படிக்குப் போனார். சட்டியில் இருந்த சோற்றைத் தானே போட்டுத் தின்றார். அவருக்கு வருத்தமாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் அவரை அன்றைக்கு அடியோடு வெறுத்தேன்.

குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அண்ணன் வாத்தியாரிடம் சொன்னான். இறுதி ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஒழுங்காக நடக்கத் தெரியாதா என்று வாத்தியார் அவன் உள்ளங்கையில் பிரம்பால் வெளுத்தார். வெளுத்துவிட்டு, நல்லவேளை பை கிடைத்தது, ஆட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, ஆறிவிடும் என்றார். வீக்கம் வற்றியது. ஆனால் காலை மடக்கினால் உள்ளே ஏதோ இடம் மாறி நின்றது. துரை வருகிறார், நின்றாவது ஆடிவிடுகிறேன் என்று அண்ணன் பழந்துணியால் முழங்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

இறுதி ஆட்டத்துக்குக் கிள்ளான்காரர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். பாதிப் பேருக்குக் கட்டு. ஆனால் அவர்கள் சூடு ஆறாமல் வந்திருந்தார்கள். நாங்கள்தான் தூங்கி எழுந்தவர்கள் மாதிரி திடலில் தடவிக்கொண்டு நின்றோம். பையின் இன்னொரு பக்கம் அதுதான். ஆட்டம் தொடங்கிய சூட்டில் ஒரு கோல் வாங்கினோம். நான் ஒருவனை இடுப்பில் முட்டித் தூக்கி எறிந்தேன், அவன் எழுந்து வந்து என் கன்னத்தில் குத்தினான், அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் தெளிந்தது. கோட்டுக்கு வெளியே துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கிராணி. எதிர்ப்பக்கம் கூட்டத்தில் அப்பா நின்றார். துவைத்த சட்டை போட்டிருந்தார். அதற்கு முன்னால் எந்த ஆட்டத்துக்கும் அவர் வந்ததில்லை.

அண்ணன் அன்றைக்கும் அழகாகத்தான் ஆடினான். ஓடமுடியாததால் நின்ற இடத்திலிருந்தே பந்தைப் பிரித்துக் கொடுத்தான். அதில் ஒன்றில் நாங்கள் கோல் போட்டுச் சமன் செய்தோம். துரை எழுந்து கைதட்டினார். அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்த பந்துக்கு ஓடினான். தலையில் கட்டுப்போட்ட அந்தக் கிள்ளான் பையன் எதிரே வந்தான். நான் மிக அருகில் இருந்தேன். அந்தப் பையன் உதைத்தது பந்தைத்தான். பந்துக்காக அண்ணன் திரும்பியபோது அந்த முழங்கால் தானாகவே பக்கவாட்டில் மடங்கிற்று. அவன் போட்ட அலறலில் திடல் நின்றுவிட்டது.

அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார். கிள்ளான் பையனை ஒரே அறையில் கீழே சாய்த்தார். அவன் தலைக்கட்டு அவிழ்ந்து பழைய காயம் மறுபடி ஒழுகியது. அவன் மேல் ஏறி உட்கார்ந்து கழுத்தைப் பிடித்தார். கிள்ளான் ஆட்கள் உள்ளே குதித்தார்கள், எங்கள் லயத்து ஆட்கள் அவர்கள் மேல் குதித்தார்கள். குடைகள், கற்கள், கோல் மரத்தைக்கூடப் பிடுங்கிவிட்டார்கள். நடுவர் விசிலை ஊதி ஊதிப் பார்த்துவிட்டு ஓடினார். என் காதுப்பக்கம் எவனோ கல்லால் அடித்ததில் இன்றுவரை அந்தக் காது மந்தம்.

"எம்புள்ள கால எவன்டா ஒடச்சது?" அப்பா அந்தப் பையனின் கழுத்தை விடாமல் திரும்பத் திரும்ப அதையே கேட்டார். "சொல்லுடா, எவன்டா ஒடச்சது?"

அண்ணன் சேற்றில் மல்லாந்து கிடந்தான். கத்தவில்லை.

"நீங்கதாம்பா" என்றான்.

அப்பாவின் கை தளர்ந்தது. பையன் இருமிக்கொண்டே நகர்ந்து போனான். சுற்றி அடித்துக்கொண்டிருந்தவர்களில் கேட்டவர்கள் கையை இறக்கினார்கள், கேட்காதவர்கள் போலீஸ் வரும்வரை அடித்துக்கொண்டார்கள். துரை நாற்காலியை விட்டு எழுந்து வந்து, இவன் என்ன சொன்னான் என்று கிராணியைக் கேட்டார். கிராணி தமிழர்தான், தெளிவாகக் கேட்டிருந்தார். கால் வலிக்கிறதாம் என்று சொன்னார்.

சண்டையைத் தொடங்கியது எங்கள் பக்கம் என்று கோப்பை கிள்ளானுக்குப் போயிற்று. அண்ணனுடைய கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை. பட்டறையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கரி வாரவும் அந்தக் கால் உதவவில்லை. தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் கேட் மூடித் திறக்கிற வேலை கிடைத்தது. அதை உட்கார்ந்தே செய்யலாம். அப்பா அவனை அதற்குமேல் அடிக்கவில்லை. என்னை அடித்தார்.

கள்ளுக்கடையில் சவால் விட்ட அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அப்பா தன் சோற்றுச்சட்டியைத் துண்டில் முடிந்து எடுத்துப் போனார், சாகிறவரைக்கும் அப்படித்தான். அம்மா பாசாருக்குக் கொண்டுபோகிற துணிப்பை கதவுக்குப் பின்னால் பழையபடி தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அதை எடுத்து வரச்சொல்லும்போது அவள் சஞ்சி என்பாள். நாங்களும் சஞ்சி என்றே பழகிக்கொண்டோம். என் பிள்ளைகளுக்கு அது ஏதோ எங்கள் ஊர்ப் பேச்சு என்று நினைப்பு.