காலியாகாத கிளாஸ்

சூசைநாதன் குடிகாரர் இல்லை. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார். சாராயத்தைக் கையால் தொட்டதில்லை, கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஒயின் மட்டும்தான். "ஒயின் குடியில சேருமா ஞானமேரி? சாமியாரே பூசையில எடுக்குறாரு" என்பார்.

"சாமியார் எடுத்துட்டு பெஞ்சு மேல ஏறி நின்னு பாடுறாரா?" என்று திருப்பிக் கேட்டுக் கேட்டு ஞானமேரிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கொடுமைதான். பிரெஞ்சுக்கார முசியே ஒருவர் வீட்டில் சூசைநாதனுக்கு மேசை பரிமாறும் வேலை. அங்கே விருந்தாளியின் கிளாஸைக் காலியாக விடக்கூடாதாம். பாதி இறங்கியதுமே ஊற்றிவிட வேண்டுமாம். அங்கே வைத்துவிட்டு வரவேண்டிய மரியாதையை இந்த மனுஷன் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கப்பலில் பீப்பாயாக வந்து கடையில் மலிவாக விற்கிற புளித்த சிவப்பு ஒயினைப் புட்டியில் பிடித்துவந்து உட்காருவார். பாதி குடிப்பார், ஊற்றுவார். மறுபடி பாதி குடிப்பார், ஊற்றுவார். "எத்தினி கிளாஸ் ஆச்சு?" என்று கேட்டால், "மொத கிளாசே இன்னும் முடியலடி" என்பார். அதில் பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல். புட்டி காலியாகிவிடும், கிளாஸ் மட்டும் முடியாது.

மகள் லூர்துசெல்விக்குப் போன வருஷம் வந்த நல்ல சம்பந்தம் அந்த முதல் கிளாஸின் புண்ணியத்தில்தான் கெட்டது. முள்கரண்டி பிடிக்கச் சொல்லித் தருகிறேன் என்று மாப்பிள்ளையின் அப்பாவுடைய கையைப் பிடித்து முறுக்கினார் சூசைநாதன். வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அன்றைக்கே ஞானமேரி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். மகளை ஒரு குடிகாரன் கையில் கொடுப்பதில்லை. தான் பட்டது தன்னோடு போகட்டும்.

இப்போது வந்திருப்பவன் தவளக்குப்பத்து லூயிஸ். ஆலையில் வேலை, குடி கிடையாது என்று விசாரித்த எல்லோரும் சொன்னார்கள். தாய்மாமன் மிக்கேலோடு பெண் பார்க்க வந்திருந்தான். இன்றைக்குப் பேசி முடித்துவிட்டால் வரும் ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கே அறிவித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பின்வாங்க முடியாது.

"இன்னிக்கி ஒரு சொட்டு தொட்டீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

"வந்த மாப்பிள்ளைக்கு ஒரு கிளாஸ் குடுக்காம அனுப்பச் சொல்றியா? நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

எந்த நாலு பேரோ! கடைசியில் அவர் நினைத்ததுதான் நடந்தது. மூன்று கிளாஸில் ஊற்றி, பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி "சாந்தே!" என்று கிளாஸோடு கிளாஸை முட்டிக்கொண்டார்கள். மிக்கேல் ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டார். ஞானமேரி அடுப்படி வாசலில் நின்றபடி புருஷனின் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஊற்றும்போதெல்லாம் கண்ணால் எரித்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்தோ என்னவோ, அவரும் இன்றைக்கு உதட்டை நனைத்து நனைத்து வைத்தார். இருந்தும் பாட்டு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பெஞ்சைப் பிடித்து எழுந்திருக்கப் போனவரை, "உக்காருங்க பேசாம!" என்று தோளில் அழுத்தி உட்காரவைத்தாள். புட்டியை ஒளித்துவைக்கலாம் என்று எடுத்தால், அது காலி. பக்கத்தில் இன்னொன்று, அதுவும் காலி.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புருஷன் குடித்த ஒவ்வொரு வாயையும் கண் கொட்டாமல் பார்த்தவள் அவள். அரைப் புட்டிகூட அவர் வயிற்றுக்குள் போயிருக்காது. மிச்சம் எங்கே போயிற்று?

லூயிஸைத் திரும்பிப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, மில் சங்கதிகளை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சு பிசகவில்லை. கை மட்டும் தானாகப் போய்க் கிளாஸை எடுத்தது, அடிவரைக்கும் கவிழ்த்தது. அந்தப் புளிப்புக்கு முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"தண்ணி கலக்கட்டுமா மாப்ள?" என்று சூசைநாதன் கேட்டார்.

"வேணாம் மாமா. அப்படியே ஊத்துங்க."

"எல்லாம் தீந்துபோச்சு தம்பி" என்றாள் ஞானமேரி. பழக்கமில்லாதவன் இந்நேரம் தரையில் உருண்டிருக்க வேண்டாமா?

விடைபெறும்போது, "போய்ட்டு வர்றேன் அத்தை" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, தெருவில் நேராக நடந்து போனான் லூயிஸ். கதவுக்குப் பின்னால் லூர்துசெல்வியின் முகம் சிவந்திருந்தது. பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. மாதாவே, இது வேறு!

சூசைநாதனுக்கோ தலைகால் புரியவில்லை. "பாத்தியா ஞானமேரி? அம்மாம் ஒயினு! கால் தடுமாறல, வாய் கொழறல. ஆம்பளன்னா இப்படி நெதானமா இருக்கணும். நாளைக்கே சாமியாரப் பாத்து ஓலைக்குச் சொல்லிடுறேன்."

"வேணாம்னு அவங்களுக்குச் சொல்லி அனுப்புங்க."

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? இப்படிப்பட்ட பையன் கெடைப்பானா?"

"நீங்க என்னப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கி, எங்கப்பாவும் ஒங்களப் பத்தி இதே வார்த்தயத்தான் சொன்னாரு."

சூசைநாதன், அவரிடம் யாரும் கேட்டிராத ஒரு குரலில், "என்னக் கட்டிக்கினு அவ்ளோ கஷ்டமாவா பட்டுட்ட?" என்றார்.

ஞானமேரி கிளாஸ்களைப் பொறுக்கினாள். கதவுக்குப் பின்னாலிருந்து லூர்துசெல்விதான் சொன்னாள்.

"ஆமாப்பா."