ஓரகத்திக்கு விழுந்த கைதட்டல்

ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில்தான் வேலை. இஸ்திரிப் பிரிவில் இருந்த மூத்தவளுக்கு இளையவள்மேல் பொறாமை என்று சொன்னால் போதாது. வயிறு பற்றி எரிந்தது. "வீட்ல சும்மாதான் இருக்கா, ஏதாவது பாத்துப் பண்ணுங்க" என்று மேனேஜரிடம் கெஞ்சி அவளைச் சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

சம்பளம், லீவு, ஓடாத மின்விசிறி, எதைப் பேசினாலும் இளையவளின் பேச்சைப் பெண்கள் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்பார்கள். இப்போது சங்கத்துக்குப் புதுத் தலைவி வேண்டும். இத்தனை வருஷம் நீராவியில் வெந்த தனக்குத்தான் அது என்று மூத்தவள் நினைத்திருந்தாள். நேற்று வந்தவளும் போட்டிக்கு நிற்கிறாள் என்று தெரிந்ததும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பேச்சுதானே, கற்றுக்கொண்டால் போகிறது என்று செல்போனில் உலகத்துப் பெரிய பேச்சாளர்களையெல்லாம் பார்க்க ஆரம்பித்தாள். ஒருவர் மெல்லத் தொடங்கி இடி மாதிரி முடித்தார். ஒரு அம்மாள் நடுவில் சட்டென்று நிறுத்திக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்த மௌனத்துக்கே கைதட்டல் பறந்தது. மூத்தவள் குளியலறையைச் சாத்திக்கொண்டு அதைப் பழகினாள். "என்னாச்சு, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று வெளியிலிருந்து கணவன் கேட்டான்.

இடைவேளையில் ஒரு நாள் ஒத்திகை பார்த்தாள். "தோழிகளே, நம்முடைய இந்தக் கைகள்..." என்று நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"மறந்துபோச்சாக்கா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். இளையவள் மட்டும் சிரிக்கவில்லை. மூத்தவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

அத்தோடு பெரிய பேச்சாளர்களுக்கு ஒரு கும்பிடு போட்டாள். இளையவள் எங்கே பேசினாலும் முன்னால் போய் உட்கார்ந்து, எங்கே மூச்சு விடுகிறாள், எந்தச் சொல்லை அழுத்துகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கவனித்தாள். ஒரு சொல்லையும் தப்ப விடவில்லை.

தேர்தல் நாளில் இளையவள் முதலில் எழுந்தாள். துணி மடிக்கப் புது மெஷின் வரப்போகிறது என்று எல்லோரும் பயந்திருந்த நேரம் அது. "மேனேஜர்கிட்ட நானே பேசிட்டேன். பர்மனென்டா இருக்கற ஒருத்தருக்குக்கூட வேலை போகாது. இது அவர் குடுத்த வாக்கு!" என்றாள். கூடமே அதிர்ந்தது. துணி மடிக்கிற பெண்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள்.

மூத்தவளுக்குத் தட்டக் கை வரவில்லை. தட்டாமல் இருந்ததால் யோசிக்க நேரம் கிடைத்தது. எழுந்தாள். பழகி வைத்ததெல்லாம் எங்கோ போய்விட, வீட்டில் சண்டை போடும் குரல்தான் வந்தது.

"தட்டுனது போதும், நிறுத்துங்கடி! பர்மனென்டா இருக்கறவங்களுக்குப் போகாதுன்னுதானே சொன்னா? மடிக்கிற மேசையில எவடி பர்மனென்ட்? நீங்க அத்தனை பேரும் கான்ட்ராக்ட். உங்களுக்கு என்ன வழின்னு இவ கேக்கல. நான் போய்க் கேக்கறேன். எழுதி வாங்காம அந்த ரூமை விட்டு வர மாட்டேன்."

யாரும் தட்டவில்லை. மடிக்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவளின் முகம் செத்துவிட்டது. பாவம், மேனேஜர் சொன்னதை அழகாகத் திருப்பிச் சொன்னாளே ஒழிய, அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளும் பார்க்கவில்லை. கை தூக்கச் சொன்னபோது முக்கால்வாசிப் பேர் மூத்தவளுக்குத் தூக்கினார்கள், இளையவள் உட்பட.

வீட்டுக்கு ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில்தான் போக வேண்டியிருந்தது. டிக்கெட் வாங்கியதும் இளையவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா, என் பேச்சுக்குக் கைதட்ட ஊர்ப்பட்ட ஜனம் இருக்கு. காது குடுத்துக் கேட்டது நீங்க ஒருத்திதான்."

புதுத் தலைவிக்கு ஜெயித்த சந்தோஷம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. தோற்ற அன்றைக்குக்கூட இப்படி ஒரு பேச்சு இவளுக்குத்தானே வருகிறது என்று, இறங்கும் வரைக்கும் பொருமிக்கொண்டே வந்தாள்.