ஒன்பது பாகம் கிணறு

ஒரு விடுகதை போடுகிறேன். மணி அடிக்காது, பாடம் நடக்கும். வருகைப் பதிவேடு கிடையாது, டீச்சரைத் தவிர யாரும் லீவு எடுப்பதில்லை. பரீட்சை கிடையாது, ஆனால் ஊரே மார்க் போடும். அது என்ன?

விடை, வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை போய்ப் பாடம் சொல்லும் என் வேலை. சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை ஐந்து வீடுகள், ஐந்து கிழமைகள். உங்கள் பிள்ளையும் வீட்டில் படிக்கிறதென்றால் நீங்களும் நானும் ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள். மற்றவர்களுக்கு உட்கார இடம் இருக்கிறது. அவர்கள் நம்மைக் கேள்வி கேட்கலாம்.

பதினோரு மணி பஸ்

ஹரிணிக்குப் பதினோரு வயது. கூடலூருக்கு வெளியே தோட்டத்து வீடு. அவள் நாலாம் வகுப்பு முடித்ததும் அம்மா ஜெயந்தியும் அப்பா செல்வமும் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே படிக்கவைக்கிறார்கள். அன்றாடப் பாடம் ஜெயந்தியின் பொறுப்பு. வியாழக்கிழமை அறிவியலும் கணக்கும் என் பொறுப்பு.

ஒரு வியாழன் அவளைக் கம்பம் நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எந்த ஸ்கூல் என்று கேட்டார். வீட்டில் படிப்பதாக ஹரிணி சொன்னாள். அந்த அம்மாள் அவள் கை, கால், கண் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். ஏழெட்டு எத்தனை என்றார், ஐம்பத்தாறு என்றாள். வலிப்பு ஏதும் வருமா என்றார், வராது என்றாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் பட்ட போர்டையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்த பிள்ளையைக் காட்டி, என் காதருகே குனிந்து சொன்னார்: “நல்லாத்தானங்க இருக்கு புள்ள. பெறகு எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கீக?”

கயிறும் கையும்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் கல்லூரி வருடந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் கண்காட்சி நடத்துகிறது. அதற்கு ஹரிணி ஒரு கேள்வியைப் பிடித்தாள். செல்வம் கிணற்றுக்குப் பக்கத்தில் மழைநீர் சேகரிப்புக் குழி வெட்டப்போகிறார். அந்தக் குழியால் கிணற்றுத் தண்ணீர் குறையாமல் நிற்குமா? குழி வெட்டுவதற்கு முந்திய மார்ச்சில் அளக்க ஆரம்பித்து, அடுத்த மார்ச் வரை ஒவ்வொரு வியாழனும் அளப்பதென்று முடிவாயிற்று.

கயிற்று நுனியில் ஒரு எவர்சில்வர் டம்ளர். கைப்பிடிச் சுவர் மேலிருந்து இறக்கினால் தண்ணீரில் தட்டும் சத்தம் கேட்கும். அந்த இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே இழுத்து, ஹரிணி இரண்டு கையையும் விரித்து விரித்து அளக்க வேண்டும். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். முதல் மார்ச்சில் ஒன்பது பாகம். நடுவில் மழையில் ஏறியது, இறங்கியது. அடுத்த மார்ச்சிலும் சரியாக ஒன்பது பாகம். சுற்றியுள்ள கிணறுகள் இறங்கிக்கொண்டிருந்த வருடம் அது. இந்தக் கிணறு மட்டும் அப்படியே நின்றது. ஹரிணியின் நோட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இருவர் தாங்களும் குழி வெட்டினார்கள். டேப் வாங்கலாமா என்று நான் ஆரம்பத்தில் ஒரு பேச்சுக்குக் கேட்டதும், செல்வம் சிரித்துக்கொண்டே மறுத்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “எங்காளுக எல்லாம் பாகத்துலதான் டீச்சர் அளப்பாக. கை என்ன, வாரத்துக்கு வாரம் மாறவா போகுது?”

மூன்றாவது கட்டம்

கண்காட்சி விண்ணப்பத்தில் முதல் கட்டம் பெயர், இரண்டாவது வயது, மூன்றாவது பள்ளி. கீழே தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும். இந்த மூன்றாவது கட்டத்துக்காக நான் கல்லூரி அலுவலகத்துக்கு மூன்று தடவை போனேன். பக்கத்துப் பள்ளி எதிலாவது ஒரு சீல் வாங்கிவிடுங்கள் என்று எனக்கு நல்ல எண்ணத்தோடு யோசனை சொன்னவர்கள் பலர். நான் வாங்கவில்லை. படிக்காத பள்ளியின் பெயரைப் போட்டுக்கொண்டு அறிவியல் செய்யப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டத்தில் ‘வீடு’ என்று எழுதினேன். முத்திரைக்கான வட்டத்துக்குள் ‘முத்திரை கிடையாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலக எழுத்தர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கட்டோடு சேர்த்து வைத்தார்: “பேனால எழுதிட்டீக, இனி அழிக்கவா முடியும்? கெடக்கட்டும்.”

பெரியப்பாவின் நிபந்தனை

செல்வத்தின் அண்ணன் ராஜாங்கம், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் வைத்திருக்கிறார். ஹரிணி மேல் உயிர். பள்ளிக்கு அனுப்பாதது அவருக்கு இரண்டு வருடமாகத் தொண்டையில் சிக்கிய முள். கண்காட்சிக்கு இடம் கிடைத்த செய்தி கேட்டு வந்தவர், முற்றத்தில் எல்லாரையும் வைத்துக்கொண்டு பேசினார். அண்ணன் பேச்சை ஒருநாளும் தட்டாத செல்வம் தலையாட்டிவிட்டார். ஜெயந்தி உள்ளே போய்விட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வந்தது. நான் பேசினால் அவர் இன்னும் இறுகுவார் என்று அடக்கிக்கொண்டேன். அவர் சொன்னது இதுதான்: “பரிசு வாங்கட்டும், நானே ஜீப்புல வச்சு ஊரைச் சுத்திக் காட்டுறேன். வாங்கலைன்னா ஜூன்ல ஏழாம் வகுப்பு. அதுக்கு மேல பேச்சு இல்ல.”

புதுச் சட்டை

கண்காட்சிக்கு நாலு நாள் இருக்கும்போது ஹரிணிக்குப் புதுச் சட்டை தைக்கக் கூடலூர்க் கடைத்தெருவில் தையல்காரரிடம் போனோம். பழைய அளவு நோட்டில் இருக்கிறதே, அதையே வைத்துத் தைத்துவிடுங்கள் என்றேன் அவசரத்தில். அவர் என்னைப் பொருட்படுத்தாமல் டேப்பை எடுத்து அளந்தார். போன வருடத்துக்கு இந்த வருடம் கை நல்லா நீண்டிருக்கிறது, பழைய அளவில் தைத்தால் சட்டை தன்னிடம்தான் திரும்பி வரும் என்றார்.

ஹரிணி விரித்த கையை மடக்காமல் அப்படியே நின்றாள். தையல்காரர் இரண்டு தரம் கையை இறக்கச் சொன்னார். கடையை விட்டு இறங்கிப் பத்தடி நடந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்: “டீச்சர், கிணறு அப்படியே நிக்கல. நான் வளந்துட்டேன்.”

இருபத்தாறு அடி

இருபது வருடம் சிறுவர் பத்திரிகைகளில் அறிவியல் பக்கம் எழுதியவள் நான். ‘அளவுகோல் மாறக்கூடாது’ என்று எத்தனை தடவை கட்டம் கட்டி எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வளரும் பிள்ளையின் கையை ஒரு வருடம் அளவுகோலாக வைத்துவிட்டு, ஒவ்வொரு வியாழனும் சபாஷ் போட்டவளும் நானேதான்.

கிணற்றுக்குள் மோட்டார் வைத்த திட்டு ஒன்று இருக்கிறது. அது ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. முதல் வாரம் பழக்கத்துக்காக ஹரிணி அதையும் அளந்திருந்தாள்: ஆறு பாகம். இப்போது அளந்தால் ஐந்தே முக்கால். டேப்பை விட்டுப் பார்த்தோம், இருபத்தாறு அடி. அதை வைத்துக் கணக்குப் போட்டாள். முதல் மார்ச்சின் ஒன்பது பாகம் முப்பத்தொன்பது அடி. இந்த மார்ச்சின் ஒன்பது பாகம் நாற்பதே முக்கால் அடி. தண்ணீர் ஒன்றே முக்கால் அடி இறங்கியிருக்கிறது.

செல்வத்துக்கு முகம் விழுந்துவிட்டது. குழியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லியிருந்தார். இந்தச் சின்ன வித்தியாசத்தை யார் கிணற்றில் இறங்கிப் பார்க்கப் போகிறார்கள், பழைய வரைபடத்தையே வைத்துவிடலாமே என்றார். பரிசு போனால் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை என்னைப் பார்த்து நினைவூட்டினார். ஒரு நிமிடம் எனக்கும் வைத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அந்த ஒரு நிமிடத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஹரிணிதான் பேசினாள், கோபம் எதுவும் இல்லாமல்: “பக்கத்துத் தோட்டத்துல ரெண்டு பேரும் என் நோட்டைப் பாத்துத்தானப்பா குழி வெட்டுனாக.”

சுவிட்ச் இல்லாத மேசை

கண்காட்சி அரங்கில் எல்லா மேசையிலும் ஏதோ ஒன்று சுழன்றது, மின்னியது அல்லது கூவியது. ஹரிணியின் மேசையில் ஒரு கயிறு, ஒரு டம்ளர், ஒரு நோட்டு, இரண்டு வரைபடங்கள். ஒன்றின் தலைப்பு ‘நான் நினைத்தது’. மற்றது ‘என் கை வளர்ந்ததைக் கழித்த பிறகு’. கீழே முடிவு என்ற இடத்தில், குழி உதவியதா என்று இந்த ஒரு வருடத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தாள். அதைக் கொஞ்சம் மெருகேற்றச் சொல்லிப் பக்கத்து மேசை ஆசிரியர் என்னிடம் சொன்னார். மெருகேற்றவில்லை.

முதல் நடுவர் மேசையைச் சுற்றி வந்து சுவிட்ச் எங்கே என்று கேட்டார். இல்லை என்றதும் தாளில் எதையோ போட்டுவிட்டு நகர்ந்தார். இரண்டாவது நடுவர் ஒரு பேராசிரியை. கயிற்றை வாங்கித் தானே கையை விரித்து அளந்தார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். வரிசையில் மற்றவர்கள் காத்திருக்க, கால் மணி நேரம் நின்றார். முதல் பரிசு, நுரை கக்கும் எரிமலைக்குப் போனது. அந்த எரிமலையைச் செய்வது எப்படி என்று நானே என் பத்திரிகைப் பக்கத்தில் நாலு தடவை எழுதியிருக்கிறேன். ஆகையால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஹரிணிக்கு எதுவும் இல்லை. பேராசிரியை போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனது மட்டும் உண்டு: “என்கிட்ட எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைக தப்பான ரீடிங்கை அழிச்சிட்டுத்தான் நோட்டையே காட்டும்.”

ஜூனுக்கு முன்னால்

மறுநாள் காலையில் ஜீப் வந்து நின்றது. வியாழன் இல்லையென்றாலும் நானும் போயிருந்தேன். இந்த முறை அடக்கிக்கொள்ளவில்லை. பரிசு கொடுக்காதது அரங்கத்தின் குறை, பிள்ளையின் குறை அல்ல என்றேன். தன் தவறைத் தானே கண்டுபிடித்துப் பொது இடத்தில் எழுதி வைக்கிற பிள்ளைக்காக நான் எதற்காகவும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்றேன். ராஜாங்கம் விடவில்லை. அவள் வயசுப் பிள்ளைகள் கும்பலாகப் பஸ் ஏறுவதை வேலிக்குள் நின்று இவள் பார்க்கிறாளே, அது என் கண்ணில் பட்டிருக்கிறதா என்று கேட்டார். பட்டிருக்கிறது. ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தேன். கடைசியில், தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் செல்வம் இடைமறித்தார்: “அண்ணே, நீங்களும் பேசிட்டீக, டீச்சரும் பேசிட்டாக. படிக்கப்போறவ அங்கன கெணத்துக்கிட்ட நிக்கா. அவளைக் கேளுங்க.”

கேட்டோம். ஹரிணி டேப்பைச் சுருட்டி முடித்துவிட்டுப் பதில் சொன்னாள்: இன்னும் ஒரு வருடம் வீட்டிலிருந்து கிணற்றைச் சரியாக அளப்பது, அதற்கடுத்த ஜூனில் எட்டாம் வகுப்பில் சேருவது.