நிறைகுடம் கப்பலுக்குக் கொண்டுபோன பாட்டில்

எங்கள் மருந்துக்கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே என்னோடு வேலை பார்க்கும் அக்காவிடம் ஏமாந்துபோவார்கள். "இருமல் மருந்து இருக்காம்மா?" என்று கேட்பார்கள். அக்கா அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நெறஞ்சிருக்குங்க" என்பார். கேட்டவர் சந்தோஷமாக நிற்பார். அக்கா அடுத்த ஆளின் சீட்டை வாங்கிவிடுவார். ஐந்து நிமிஷம் கழித்து அந்த மனிதர் பக்கத்து கவுன்ட்டரில் இருக்கும் என்னிடம் சண்டைக்கு வருவார். "நெறஞ்சிருக்குன்னா தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம் சார்" என்று நான்தான் அவரைச் சமாதானம் செய்து அனுப்ப வேண்டும்.

அரிசி இல்லை, உப்பு இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது, நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளை வளர்ப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அதெல்லாம் அடுப்படியோடு சரி. அக்காவுக்கோ பஞ்சு, பேனா, தலைவலி மாத்திரை எல்லாவற்றுக்கும் அதே வார்த்தை. பஸ்ஸில் இடம் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும்தான் அவர் பதில் எல்லோருக்கும் ஒழுங்காகப் புரிந்தது.

"ஸ்டாக் இல்லைன்னு சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?" என்று முதலாளி எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். அக்கா சிரித்துக்கொள்வார். நாங்கள் அவருக்கு நிறைகுடம் என்று பெயர் வைத்தோம். பதினெட்டு வருஷத்தில் ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை, ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. கணவர் இறந்து மூன்றாம் வாரம் வேலைக்குத் திரும்பியபோதும் அந்தக் குடம் தளும்பவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. அழுகிறவர்களோடு எப்படியாவது பேசிவிடலாம். அழாதவர் பக்கத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை.

அவர் கணவர் போட்டோக்காரர். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிற வேலை. பிலிம் காலத்து டப்பாக்களை அவர் தூக்கிப் போடவே இல்லை. மூடி இறுக்கமாக இருக்கும், ஒரு சொட்டு கசியாது. ஒரு டப்பாவில் மிளகுத்தூள், ஒன்றில் உப்பில் ஊறிய எலுமிச்சைத் துண்டு, ஒன்றில் மிளகாய் விழுது. யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் சட்டைப் பையில் மூன்று டப்பா. நாக்கு நாலு முழம். என் வீட்டுக்கு வந்தபோதும் டப்பாவைத் திறந்தார். என் மனைவி அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

மற்ற இரண்டும் எப்படி இருந்தாலும் சாப்பிட்டுவிடுவார். விழுது மட்டும் அக்கா கையால் அரைத்ததாக இருக்க வேண்டும். வரமிளகாய், பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, எண்ணெய். இதில் என்ன பெரிய வித்தை என்று எனக்குத் தெரியாது. வேறு யார் அரைத்தாலும் விரலால் ஒரு தொடு தொட்டுவிட்டுத் தள்ளி வைத்துவிடுவார்.

இரண்டு பேரும் நாலு நாள் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தார்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் மனிதர் கடலைப் பற்றியா பேசினார்? "கப்பல்ல காரமே இருக்காதாம். நாலு நாளைக்கு டப்பா பத்தாது, பெரிய பாட்டில்ல அரைச்சுடு" என்றார். அக்காவும் அரைத்து, வாய்வரை நிரப்பி, எங்கள் கடை லேபிள் ஒன்றை எடுத்து அவர் பெயரை எழுதி, "தினம் மூன்று வேளை, உணவோடு" என்று ஒட்டினார். அந்த லேபிளைப் பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் ஒரு வாரம் சிரித்தார்களாம்.

அடுத்த வாரம் அவருக்குக் கால் வீங்கியது. இதயத்தில் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு கல் உப்பு கூடாது என்றார் டாக்டர். நாலாம் நாள் மதியம் உப்பில்லாத கஞ்சியை வைத்துக்கொண்டு அவர் கேட்டிருக்கிறார்: "நாக்கு செத்துப்போச்சும்மா. அந்த பாட்டில்லேர்ந்து ஒரே ஒரு விரல் தொட்டுக் குடு. இருக்கில்ல?"

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். உப்பு என்ன செய்யும் என்று அக்காவுக்குத் தெரியும். இருக்கிறது என்றால் மனிதர் விடமாட்டார், அதுவும் தெரியும். "நெறஞ்சிருக்குங்க" என்றார்.

பொய்யே சொல்லாத வாய். அன்றைக்கும் பொய் இல்லைதான், பாட்டில் வாய்வரை நிறைந்துதான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? கப்பலுக்கென்று அரைத்தது திறக்காமலே எப்படித் தீரும் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்தார். "சரி" என்றார். மறுநாள் விடியும்போது உயிர் போய்விட்டது.

இந்த ஆஸ்பத்திரிக் கதை எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பாட்டில் கதை மட்டும்தான். வேலைக்குத் திரும்பிய புதிதில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் அக்கா சாதாரணமாக, ஏதோ குழாய் ஒழுகுகிறது என்பதுபோலச் சொன்னார்: "தம்பி, அவருக்கு அரைச்ச பாட்டிலை அலமாரியில உள்ள தள்ளி வைக்கறேன். காலைல பாத்தா முன்னாடி வந்து நிக்குது."

"பலகை சாஞ்சிருக்கும்க்கா. அடியில அட்டைய மடிச்சு வைங்க" என்றேன்.

வைத்தார். மறுநாள் அட்டையைத் தாண்டி வந்து நின்றதாம்.

"எலியா இருக்கும்."

"எலி பாட்டிலைத் தள்ளுமா?"

"பெரிய எலின்னா தள்ளும்."

அதற்குமேல் எனக்கு அந்தப் பேச்சு வேண்டாமென்று இருந்தது. அக்கா தினமும் காலையில் எழுந்ததும் அதை உள்ளே தள்ளிவிட்டுத்தான் பல் தேய்ப்பாராம். தூக்கிப் போடவும் மனமில்லை, திறக்கவும் தைரியமில்லை. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

அந்தக் கப்பல் டிக்கெட் அப்படியேதான் கிடந்தது. துக்கம் நடந்த வாரம் அக்கா டிக்கெட் ஆபீசுக்கு போன் செய்தபோது, அவர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "அவரால இப்ப வர முடியாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர்களும் சரி என்று இரண்டு பேரின் பயணத்தையும் தள்ளி வைத்தார்கள். அதற்குக் கொடுத்த இரண்டு வருஷக் கெடு முடிகிற நேரத்தில் அக்காவின் நாத்தனார், அதாவது போட்டோக்காரரின் மூத்த சகோதரி, கிளம்பி வந்தார். வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும் பெண்மணி. "அவன் ஆசைப்பட்டான்ல? நான் கூட வரேன், கிளம்பு" என்றார். ஆபீசில் நாத்தனார் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். போட்டோக்காரர் பெயரை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, அவர்களும் எடுக்கவில்லை.

"பாட்டிலையும் எடுத்துட்டுப் போறேன் தம்பி. வீட்ல தனியா விட முடியல" என்று அக்கா என்னிடம் சொன்னார். ஆளைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் சீட்டு அடுக்குகிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

துறைமுகத்தில் பையைச் சோதித்த அதிகாரி பாட்டிலை எடுத்து வெளியே வைத்தார். வீட்டில் செய்த சாப்பாட்டுப் பொருளுக்கு அனுமதி கிடையாதாம். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நாத்தனார் முந்திக்கொண்டார்: "நல்லாப் படிங்க, மருந்து! மூணு வேளைன்னு போட்டிருக்கில்ல?" அதிகாரி லேபிளைப் படித்தார், பெயரைத் தன் பட்டியலில் தேடினார். பெயர் இருந்தது.

"சரி, சார் எங்க?"

"அவன் முன்னாடியே போயிட்டான்" என்றார் நாத்தனார்.

வாய் தவறி வந்த வார்த்தைதான். சொன்ன பிறகு இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அதிகாரி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, "அவர்கிட்ட குடுத்துடுங்க" என்றார்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவர்கள் மேஜையில் மூன்று நாற்காலி, மூன்று தட்டு, மூன்றாவதற்கு முன்னால் போட்டோக்காரர் பெயர் எழுதிய அட்டை. பரிமாறுகிறவர் மூன்று தட்டிலும் சாப்பாடு வைத்துவிட்டு, "சார் வந்துடுவாரா?" என்று கேட்டார். அக்கா பாட்டிலைத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். கப்பல் மெல்லச் சாய்ந்தது. பாட்டில் மேஜைமேல் நகர்ந்து மூன்றாவது தட்டில் இடித்து நின்றது. அக்கா அதை எடுத்துத் தன் பக்கம் வைத்தார். கப்பல் மறுபக்கம் சாய்ந்தபோது தண்ணீர் டம்ளரெல்லாம் இந்தப் பக்கம் வந்தன, பாட்டில் மட்டும் அந்தப் பக்கமே போயிற்று. இதை மட்டும் பின்னால் எனக்குச் சொன்னது நாத்தனார். அவருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, கூட்டிச் சொல்லும் பழக்கம் மட்டும் கொஞ்சம் உண்டு.

மறுநாள் காலை, கப்பல் முழுகினால் எப்படித் தப்பிப்பது என்று ஒத்திகை பார்க்க எல்லோருக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டி மேல்தளத்தில் நிற்க வைத்தார்கள். ஒரு பெண் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டாள். போட்டோக்காரர் பெயர் வந்தது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு ஒலிபெருக்கியில் கப்பல் முழுவதும் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். வெயிலில் நின்ற கூட்டம் முணுமுணுத்தது. "ஒரு ஆளுக்காக எல்லாரும் நிக்கணுமா? எங்கய்யா போய்த் தொலைஞ்சார்?" என்று யாரோ கத்தினார். அறைக் கதவைத் தட்டிப் பார்க்க இரண்டு பேர் ஓடினார்கள்.

அக்கா வரிசையை விட்டு அந்தப் பெண்ணிடம் போனார். "அவர் இல்லம்மா" என்றார்.

"ரூம்ல இல்லையா?"

"இல்ல. எங்கயும் இல்ல."

எனக்குத் தெரிந்து பதினெட்டு வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண்ணுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். பேனாவை எடுத்து அந்தப் பெயர்மேல் ஒரு கோடு போட்டாள்.

அன்று மதியம் கூடத்துக்குப் போனபோது பெயர் அட்டையை எடுத்துவிட்டிருந்தார்கள். தட்டு மட்டும் இருந்தது. அக்கா சோற்றில் கை வைக்காமல் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். கஞ்சியை, நெறஞ்சிருக்குங்க என்று சொன்னதை, அவர் பார்த்த பார்வையை, அந்தச் சரியை. "ஒரு விரல்தான் கேட்டார் அண்ணி. நான் தீர்ந்துபோச்சுன்னுட்டேன். நம்பிட்டாரா? பொய்யின்னு தெரிஞ்சு மனசு நொந்து போனாரா? அது தெரியாம எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

நாத்தனார் சாப்பிடுவதை நிறுத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார் என்று நினைக்கிறேன்.

"அவனுக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலம் துணி எடுக்க உங்க வீட்டுக்குப் போனேன்ல? அலமாரியில பாட்டில் இருக்கான்னு பாத்துட்டு வாக்கான்னு சொல்லி அனுப்பினான். வந்து, வாய்வரைக்கும் இருக்குடான்னு சொன்னேன். சிரிச்சான். 'அவ பொய் சொல்லலக்கா, நெறஞ்சிருக்குன்னுதானே சொன்னா'ன்னான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். இதோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு. நாத்தனாருக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது.

"நான்தான், கொஞ்சம் கொண்டுவந்து தரவாடான்னு கேட்டேன். வேணாம்னுட்டான். 'அவ கையால குடுத்தாத்தான் எனக்கு வேணும். நாளைக்குக் காலைல மறுபடி கேட்டுப் பாக்கறேன்'னான். விடிஞ்சா ஆளே இல்ல. இதைப் போய் உங்கிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்?"

நிறைகுடம் அங்கேதான் தளும்பியது. கூடத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, இரண்டு வருஷத்து அழுகையை அக்கா அழுதார். பரிமாறுகிறவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அழுகை ஓய்ந்ததும் அக்கா பாட்டில் மூடியைத் திருகினார். எண்ணெய் மேலே நின்றிருந்தது, விழுது கெடவில்லை. விரலால் தொட்டு மூன்றாவது தட்டின் ஓரத்தில் வைத்தார்.

இதையெல்லாம் அக்கா எனக்குச் சொன்னது திரும்பி வந்த வாரம், கடையின் பின்பக்கம், சாப்பாட்டு நேரத்தில். பாட்டிலும் கூட இருந்தது, கழுத்துவரை குறைந்திருந்தது. எனக்கும் கொஞ்சம் வைத்தார். உப்பு அதிகம். சொல்லவில்லை.

"மனசு லேசாயிடுச்சாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா பாட்டில் மூடியைத் திருகி மூடினார். பிறகு, "காலைல மறுபடி கேக்கறேன்னாராம் தம்பி" என்றார். "கேட்டுட்டுத்தான் இருந்திருக்கார். ரெண்டு வருஷமா, தினம் காலைல முன்னாடி வந்து நின்னுச்சே அந்த பாட்டில். நான்தான் ஒவ்வொரு நாளும் அதை உள்ள தள்ளி வெச்சேன்."

பலகை சாய்ந்திருக்கும் என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை.