விரல் படாமலே வடை கேட்ட திரை

கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுக்கும் தொழிலில், கோளாறு யாருடையதாக இருந்தாலும் திட்டு வாங்குவது ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பவன்தான்; நீங்களும் வைத்திருந்தால் உங்களுக்கே தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் மலேசிய ஜார்ஜ் டவுனில் நான் அப்படி வைத்திருந்தேன். கமலா அக்கா புதிதாகத் திறக்கவிருந்த சாப்பாட்டுக் கடைக்கு, தொட்டால் அடுக்களையில் ஆர்டர் சீட்டு அச்சாகும் திரை கேட்டார். விண்டோஸ் வாங்காமல் இலவச லினக்ஸிலேயே செய்யலாம் என்று வாயை விட்டவன் நான். "தெறக்கற அன்னிக்கு ஓடலைன்னா நீ வேற வேல பாத்துக்க" என்று என் முதலாளி சொல்லிவிட்டார்.

இரண்டாவது வயர்

திரைக்கு இரண்டு வயர். ஒன்று படத்துக்கு, மற்றது விரல் எங்கே பட்டது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல. படம் உடனே வந்தது. தொட்டால்தான் அசையவில்லை. கூட வந்த டிஸ்கெட்டில் விண்டோஸுக்கு மட்டும்தான் மென்பொருள்; லினக்ஸுக்கு வயர் எந்த போர்ட்டில் என்று நானே ஃபைலில் எழுதவேண்டும். வயரை கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னாலிருந்த இரண்டாவது போர்ட்டில் செருகி, இரண்டு என்றே எழுதினேன். லினக்ஸ் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும், ஒன்று என்றுதான் எழுதவேண்டும் என்பது உறைக்க அரை நாள் ஆனது.

அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்தார். "விரலால தொட்டா போதும்னு சொன்னீங்க, காலைலேருந்து நீங்க கீபோர்டை விடவே இல்லையே லா!"

இடம் வலம்

தொடுகை வந்தது, ஆனால் இடம் வலமாக. தோசையைத் தொட்டால் எதிர் ஓரத்திலிருந்த தே தாரேக், அதாவது இழுத்து ஆற்றிய டீ, வந்தது. ஃபைலில் திரையின் ஓரங்களுக்கான எண்களை மாற்றி மாற்றிப் போட்டேன். தோசை அசைந்து கொடுக்கவில்லை. கல்லாவில் உட்காரப்போகும் முனியாண்டி அண்ணனுக்கு என்னைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"நீங்க வீட்டுக்குப் போங்க தம்பி, நானே மாத்தித் தொட்டுக்கறேன்."

திறப்பு விழா

அன்று ராத்திரியே இடது ஓரத்து எண்ணையும் வலது ஓரத்து எண்ணையும் இடம் மாற்றி அதையும் சரிசெய்துவிட்டேன். மறுநாள் காலை குருக்கள் பூஜை முடித்துத் திரைக்கு மல்லிகை மாலை போட்டார். ஐந்தே நிமிடம். யாரும் தொடாமலே ஆர்டர் பறந்தது: வடை, வடை, வடை. அடுக்களையில் மளமளவென்று பொரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வயரைப் பிடுங்கிச் செருகினேன். மறுபடியும் வடை. விழாவுக்கு வந்திருந்த முதலாளி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

அப்போதுதான் கவனித்தேன்: சுவரோரம் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு வடை. அந்தத் திரையின் சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். அவற்றை எது மறைத்தாலும் விரல் என்றே எடுத்துக்கொள்ளும். மாலையின் நுனி வடைப் பொத்தானுக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. "பூஜ பண்ணிப் போட்ட மாலைய கழட்டறதா?" என்று அக்கா பதறினார். "கழட்டல அக்கா, பெட்டிதான் இதுக்கு மூளை, அதுக்குப் போடுவோம்" என்று கெஞ்சி, குருக்கள் கையாலேயே மாற்றி வைத்தோம். திரை அடங்கியது. வந்த கூட்டம் வடையை ஒன்று விடாமல் தின்று தீர்த்தது.

முதலாளி நான்காவது வடையைக் கடித்தபடி சொன்னார்: "திங்கக்கெழம எட்டு மணிக்கு நம்ம கடைக்கு வந்துரு, லேட்டாக்காத."

வேலை நிலைத்தது; அன்றிலிருந்து எங்கே திரை மாட்டப் போனாலும், எந்த போர்ட் என்று பார்ப்பதற்கு முன் பூஜை எப்போது என்று கேட்டுக்கொள்கிறேன்.