ஜெனிவால்டோவின் அணைக்குக் கீழே ஒரு கோழி

நொண்டிக் கழுதையை ஓட்டிப் பந்தயக் கோப்பையை வென்றான் ஐவோனெட்டின் தம்பி ஜெனிவால்டோ. ஏழு முறை மறுத்த லுசினேத்தின் கல்யாணச் சம்மதத்தை வென்றான். பிறகு அரசு அதிகாரியையே வென்றான்.

பிரேசிலின் வறண்ட சியாராவில் அவன் கட்டிய மண் அணை அன்று நிரம்பி வழிந்தது. வழிந்தால் ஊரே அதன் கீழே கூடி அக்கார்டியன் இசைக்கு ஆடும். அந்த நேரம் பார்த்து, கீழே இருப்போரைக் கணக்கிட்டு அணையின் ஆபத்து வகையைத் தீர்மானிக்க அதிகாரி வந்தார்.

"உடைஞ்சா இத்தனை பேரும் போயிடுவாங்க! உயர் ஆபத்துதான். தண்ணியைத் திறந்து விட்டுடுங்க."

"ஐயையோ! இவங்க யாரும் இங்க குடியிருக்கல, ஆட வந்தவங்க! அக்கா, அக்கார்டியன்காரனை மேட்டுக்கு இழு! இனிமே ஆட்டமெல்லாம் அங்கதான்!" என்று கத்தினான் ஜெனிவால்டோ.

அக்கா ஐவோனெட் அக்கார்டியன்காரனை நாற்காலியோடு இழுத்துப் போனாள். ஆட்டத்தை நிறுத்தாமலே ஊரும் பின்னால் ஏறியது. கீழே ஒரு கோழிதான் மிஞ்சியது.

"கோழியைக் கணக்குல சேர்க்கறதில்ல" என்று முனகிய அதிகாரி, 'குறைந்த ஆபத்து' என்று எழுதிப் படிவத்தை நீட்டினார். அதுவரை கைநாட்டே வைத்து வந்த ஜெனிவால்டோ முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2014 மார்ச் 19, அங்கே மழை வேண்டிக் கொண்டாடும் சூசையப்பர் திருநாளன்று.